ஆறாவது கண்

மழை, நான்காம் நாள்.
மேட்டுப்பாளையம் ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடக்கிறது.
நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர் நான்.
ஜீப் போகிறவரைக்கும் போய்த்
தடுப்புச் சுவர்களைத் தட்டிப் பார்த்துத்
தாங்கும், தாங்காது என
ஈரப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன்.
சுவரைப் பற்றி இந்த ஊரில் வேறு கேள்வி கிடையாது.

சாயங்காலம் கரண்ட் இருந்தது, அதுவே அதிசயம்.
தள்ளுபடியில் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு வாங்கிய
லாரி கேமைத் திறந்தேன்.
அதற்கு வேறு பெயர் உண்டு.
எங்களுக்கு அது லாரி கேம்.

டானிங்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
அப்பாஸ் பாயின் பிரவுசிங் சென்டர்.
மணிக்கு இருபது ரூபாய்,
ஒரு கீபோர்டுக்கு மூன்று பேர் என்றால் இருபத்தைந்து.
பெள்ளிராஜ் ஸ்டியரிங்.
ஜெசிந்தா ஆக்ஸிலேட்டர்.
பிரேக் நான்.

முதலில் குறைகளை எழுதுகிறேன், தொழில் புத்தி:
லாரி திரும்புவது பீரோவை நகர்த்துவதுபோல.
மரங்கள், குறுக்கே செருகிய இரண்டிரண்டு அட்டை.
இன்ஜின் சத்தம் ஒரே கொசு.
டிரைவருக்கு முகமில்லை, மீசை மட்டும் இருக்கிறது.
பத்தடிக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம்.

அந்த மூட்டம் எதற்கென்று இப்போது தெரியும்.
தூரத்து மலையை வரைய
அன்றைய மெஷினுக்குத் திராணியில்லை,
வெள்ளையைப் பூசி மறைத்தார்கள்.
அப்போது நாங்கள் நினைத்தது
இதைச் செய்தவன் எவனோ
கோத்தகிரிக்கு வந்துபோனவன் என்று.
இந்த ஒன்று மட்டும் பழசாகவில்லை.
ஜன்னலுக்கு வெளியேயும்
கேட் வரைக்கும்தான் வரைந்து வைத்திருக்கிறது.

ஐந்தாவது லெவல், பாலம்.
ஒரு மே மாதம் முழுக்க அதிலிருந்து விழுந்தோம்.
வேகம் போதவில்லை என்றாள் ஜெசிந்தா.
வேகம் அதிகம் என்றேன் நான்.
கடைசி நாள் கீபோர்டைத் தள்ளிவிட்டு
"எல்லாம் இவளாலதான், பிரேக்கை விடவே மாட்டேங்கறா"
என்று எழுந்த பெள்ளிராஜ்
ஜக்கனாரை பஸ்ஸில் ஏறிப் போனான்.
ப்ளஸ் டூ முடிகிறவரை என்னோடு பேசவில்லை.

இன்று அதே பாலம்.
நடுவில் லாரியை நிறுத்தினேன்
(பிரேக்தானே, என் வேலை)
கண்களை எண்ணினேன்.
ஆறு கண்.
எங்கள் பாலத்துக்கு ஐந்து.
ஐந்துக்கு அப்புறம் வெள்ளை,
வெள்ளைக்குக் கீழே ஆறு.

உக்கடத்தில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய சிடி அது,
மார்க்கரில் பெயர் எழுதியது.
திருட்டுப் பிரதி என்று தெரிந்தால்
கடைசிக் கண்ணைக் கழற்றிவிடும்படி
அன்றே செய்துவைத்திருக்கிறார்கள்.
லாரி ஓடும், சங்கு ஊதும், பாயிண்ட் ஏறும்,
கரை மட்டும் இருக்காது.
பொறியாளராகச் சொல்கிறேன், நேர்த்தியான வேலை.
இல்லாத கரைக்குச்
சரியான வேகத்தை
மே மாதம் முழுக்கத் தேடியிருக்கிறோம்.

தாண்டினேன்.
பதினோரு செகண்ட்.

ஓசூருக்குப் போன் போட்டேன்.
ஆறாவது கண்ணைச் சொன்னேன், சிடியைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவன் வீட்டுக் குக்கர்தான் பேசியது.
"இருந்தாலும் நீ பிரேக்கை லேட்டாத்தான் விட்ட."

பிறகு, குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பக்கம் என்னதான் இருக்கு?"

ஒரு டிப்போ. ரெண்டு டிரம்.
டிரம்மில் என்னமோ எழுதியிருக்கு, படிக்க முடியல.
அப்புறம் அதே மரம், அதே மூட்டம்.

"அவ்ளோதானா."

அவ்வளவுதான்.

"ஆனா நீ இன்னும் அணைக்கல," என்றான்,
"இன்ஜின் கேக்குது."

ஜெசிந்தா நம்பர் அவனிடமும் இல்லை.
ரோடு எப்போது திறக்கும் என்று கேட்டான்.
பதினேழாவது கிலோமீட்டரில் காலையில் பார்த்ததைச் சொன்னேன்:
சுவர் ஒரு கல் அசையாமல் நிற்கிறது,
அது தாங்கிக்கொண்டிருந்த ரோடுதான் இல்லை.
அதற்கு நேரே என்ன எழுதுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.