ஆறுமணிக் குருவி

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் காலை
நாகலூர் எஸ்டேட் எடைக் கொட்டகையில்
சாக்குகளுக்கு நடுவே கிடந்தது.
செத்துப்போச்சென்று தூக்கினாள் வெள்ளையம்மா.
உள்ளங்கையில் ஒரு துடிப்பு.
வால்கீழ்ச் சிவப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்,
பிறகு பார்க்கவில்லை.

இரவெல்லாம் பறந்து வந்த உடம்பு.
சும்மா தராசில் வைத்தேன்.
முள் அசையவில்லை.

மிளகுக்கொடி நிழலில் விட்டோம்.
இரண்டு தத்தல்,
மறந்துவிட்டுப் போனதுபோல் துண்டு வால்,
அப்புறம் காப்பிச் செடிகளுக்கடியில்
சருகு மட்டும் புரண்டது.

மார்கழியில்
பழம் பறிப்பவர்கள் செடிக்குச் செடி நகர
அதுவும் ஒரு செடி தள்ளியே நகர்ந்தது.
கூடை சாயும் சத்தத்துக்கு உறைந்துபோகும்.
மண்புழு அதன் பாடு, அட்டை எங்கள் பாடு.

பனி இறங்கும் நேரம்
இரண்டே சொல்.
ஓடைக்கு அப்பால் இன்னொன்று,
அதே இரண்டு சொல்.
கொஞ்சலல்ல, வரப்புத் தகராறு.
“மணி ஆறு, கணக்கை மூடு” என்பாள் வெள்ளையம்மா.
என் கைக்கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.
மூடிவிடுவேன்.

காப்பிப் பூ உதிர்ந்த வாரம்
ஒருநாள் ஆறு மணி ஆகவே இல்லை.
பேரேடு திறந்தபடி கிடந்தது.
எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு
அவள் எழுந்துபோய்
விளக்கைப் போட்டாள்.