எட்டுப் பேர், ஒரு தராசு

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
கொழும்பில் ஏதோ வங்கி கழித்துவிட்ட கணினி
மூன்று கை மாறி
இன்று ஜெபமணியின் தோளில், சீனிச் சாக்குக்குள் வந்தது.

"எட்டு கோர்னு சொல்லித்தான் வித்தான் தங்கச்சி.
எட்டு மடங்கு வேகம் எங்க?"

திரையில் எட்டுக் கட்டங்கள் விரித்தேன்.
ஒன்றில் மட்டும் மேடும் பள்ளமும்.
மிச்சம் ஏழும்
கீழே கிடக்கும் நீர்த்தேக்கம் போலத் தட்டை.

கண்டியில் படித்தபோது பரீட்சையில் எழுதினேன்:
ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பணம் எடுக்கும் இடத்துக்கு
லாச்சிக்கு லாச்சி பூட்டு வேண்டும்.
வீட்டுக்கு எதற்கு?
தனியாக இருப்பவள்
தேயிலை டப்பாவுக்கு ஒரு சாவி, சீனிக்கு ஒரு சாவி,
யாருமில்லாத அறையில் பூட்டித் திறந்து பூட்டி...
இருபதுக்குப் பன்னிரண்டு போட்டார்கள்.

"தனியாவா?" ஜெபமணி சிரித்தார்.
"எங்க லயத்துக் காம்பராவில வந்து பாருங்க.
மூத்தது வகுப்பில, சின்னது பாட்டை நிறுத்தாது,
நான் சேமலாப நிதிப் படிவம்,
நடுவில கட்டார்ல இருந்து மச்சினி.
எல்லாம் இந்த ஒரு பெட்டியிலதான்."

பட்டியலைத் திறந்தேன்.
நூற்று நாற்பத்தேழு வேலைகள்,
யாரும் கூப்பிடாமலே பெரட்டுக்கு வந்து நின்றன.
அப்போது என் பன்னிரண்டு
கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

ஆனாலும் குற்றம் அங்கே இல்லை.
பக்கத்தைத் திறந்தால்
பழைய வட்டு, இருமிக்கொண்டு சுற்றுகிறது.
"மத்தியானம் கொழுந்து நிறுக்கிறது தெரியுமே அண்ணே,
எட்டு நிரையில் எத்தனை வேகமான கை இருந்தாலும்
மலைக்கு ஒரே தராசு."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் மனைவி இன்னும் அந்த வரிசையில் நிற்கிறாள்.

தராசை மாற்றினேன்.
ஐந்து நாள் பேருக்கான காசு,
இரண்டு தவணையில்.
கேத்தல் கொதிக்குமுன் திரை வந்துவிட்டது.

எட்டுக் கட்டங்களையும் திரும்ப விரித்தேன்.
இரண்டு அசைந்தன. சிலவேளை மூன்று.
"மத்ததை நிப்பாட்டவா? கொஞ்சம் கரண்ட் மிஞ்சும்."

நெடுநேரம் பார்த்தார்.
"வேணாம். இருக்கட்டும்.
நம்ம வீட்டில
யாராவது சும்மா இருக்கட்டும்."

சாக்கின் வாயைக் கட்டி,
ஹட்டன் பஸ்ஸுக்கு ஓடினார்.
மழை தொடங்கியிருந்தது.