அரியாங்குப்பத்துக்குள்

வரகூர் சேதுவில் எதை முதலில் படிக்கலாம் என்று
பிலோமி கேட்டது வெள்ளிக்கிழமை.
சனி, ஞாயிறு எனக்குத் தூக்கமில்லை.
திங்கள் காலை
ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்
அவர் எழுதியதில் என்னிடம் இருந்த அத்தனையையும் போட்டுக்கொண்டு
கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.
"அரிசியா? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.
"விஞ்ஞானக் கதை" என்றேன்.
பையைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்து
என் டிக்கெட்டை மட்டும் கிழித்தார்.

அவள் அரியாங்குப்பத்தில் இறங்கிவிடுவாள்.
ஸ்கேன் சென்டருக்கு எட்டரைக்கே ஆள் வந்துவிடும்.
அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

ஆல்பேட்டையில் முதல் நாவலை எடுத்தேன்.
எழுதிய வரிசையில் போவதுதானே முறை.
ஆனால் அதில் சேதுவுக்கே இன்னும் கை வரவில்லை.
ராக்கெட்டில் மண்ணெண்ணெய் வாடை.
செவ்வாய்க்காரர்கள் எல்லோரும்
ஆண்டுவிழா நாடகம் மாதிரி பேசுவார்கள்.
என் மச்சான் இதில்தான் தொடங்கினார்,
முப்பதாம் பக்கத்தில் நிறுத்தினார்.
அந்தப் பிரதி இன்றும் அவர் வீட்டு ஃபிரிட்ஜின்
குட்டைக்காலுக்கு அடியில் இருக்கிறது.
இது நான் மறுபடி வாங்கியது.

பெண்ணையாற்றுப் பாலம்.
தண்ணீர் ஓர் ஓரமாக, மற்றதெல்லாம் மணல்.
'காற்றில்லாத தாலுகா'வைக் காட்டினேன்.
நிலாவில் ஒரு தாசில்தார்,
பள்ளங்களுக்குப் பட்டா கேட்டு மனுக்கள்.
சிரித்துச் சிரித்து இருமல் வரும்.
இதோடு அவள் நின்றுவிட்டால்?
முள்ளோடையில் இறங்கி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு
பாண்டி பார்த்தாச்சு என்று திரும்புகிறவர்கள் கணக்குதான்.

ரெட்டிச்சாவடியில் ஏறிய மீன்கூடைக்கு இடம்விட்டுப்
பையை மடிமேல் தூக்கிக்கொண்டேன்.
அடியில் இருந்தது 'இரண்டாம் உப்பு'.
ஒருநாள் கடல் போய்விடும்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியின் கணக்குக்காரி
அதைத் தேடி நடப்பாள்,
இருநூற்றுப் பத்துப் பக்கம், செருப்பில்லாமல்.
அதை நான் வெளியே எடுக்கவில்லை.
முதலிலேயே இதைக் கொடுத்தால் மற்றதெல்லாம்
பந்தல் பிரித்த மறுநாள் ஆகிவிடும் என்று
ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.
உண்மை அதுவல்ல.
அவளுக்கு இது பிடிக்காமல் போனால்
நாளைக்கு நான் எந்த சீட்டில் உட்காருவது?

கன்னியக்கோயில். கிருமாம்பாக்கம்.
அச்சான வரிசை, கதை நடக்கும் காலத்தின் வரிசை,
பழைய பேப்பர் கடை கொடுத்தபடி
நான் படித்த தப்பு வரிசை.
பேசிக்கொண்டே போனேன்.
பிலோமி டிபன் டப்பாவில் குழம்பு கசிகிறதா என்று
முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவளக்குப்பம் தாண்டியதும் எழுந்து
பைக்குள் கைவிட்டு
பார்க்காமலே ஒன்றை உருவினாள்.
மூன்று பாக நாவலின் மூன்றாம் பாகம்.
"ஐயோ, அது முடிவு!"
"முடிவு தெரிஞ்சா பதட்டமில்லாம படிப்பேன்"
என்று இறங்கிப் போய்விட்டாள்.

வியாழன் வரை ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளி, அதே பாலத்தின் மேல் சொன்னாள்:
"கப்பல்ல தினம் நாலு தட்டு வெக்கிறாங்க.
மூணு பேர்தான் சாப்பிடறாங்க.
ரெண்டாம் பாகம் குடுங்க."

பதினோரு வருஷமாகத் தேடுகிறேன்,
எங்கேயும் இல்லை,
பதிப்பகம் இருந்த மாடியில் இப்போது பிசியோதெரபி நடக்கிறது,
நானும் அதைப் படித்ததில்லை என்பதை
அப்போதுதான் சொல்ல வேண்டியிருந்தது.

முள்ளோடையில் காலையிலேயே நாலு பேர் இறங்கினார்கள்.

"அப்ப நடுவுல என்ன நடந்துச்சுன்னு வெச்சிருக்கீங்க?"

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்:
நாலாவது ஆள் ஏதோ ஒரு கிரகத்தில்
பிரியப்பட்டு இறங்கிவிட்டான்.
மழை பெய்கிற கிரகம்.

"இல்ல. நாலாவது ஆளே கிடையாது.
பயந்துபோன மூணு பேர் சேர்ந்து
கணக்குல சேத்துக்கிட்டது அது."

"முதல் பாகத்தில் அவன் பத்துப் பக்கம் பேசுகிறானே!"

"முதல் பாகம் நான் படிக்கலையே."

மீன்கூடைக்காரம்மா எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்தார்.
வெளியே முருங்கப்பாக்கம் என்று ஒரு பலகை.

"எட்டரை ஆள் வந்திருப்பாங்க" என்றாள் பிலோமி,
எழுந்திருக்காமல்.