லோரி இல்லை

சாமான் அறையில், கால் உடைந்த நாற்காலிகளுக்கும்
போன வருடத்துத் தீபாவளித் தோரணத்துக்கும் நடுவில்
சிமெண்டுத் தரையோடு ஒட்டி வைத்தார்கள் அந்தப் பெட்டியை.
மைலோ டின் அளவு. ஒரு பச்சை விளக்கு.
பூமி நடுங்கினால் எழுதும் என்றார் புஷ்பவேணி டீச்சர்.
எழுபத்தொரு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்களாம்.

எழுதியது.
எழுதிக்கொண்டே இருந்தது.
முதல் வாரம் முழுக்க எங்கள் ஊரில் நிலநடுக்கம்.

ஐந்தாம் ஆண்டு யுகேந்திரன்தான்
அச்செடுத்த தாளோடு சாலையைக் கடந்து
ஆலையின் எடைமேடைக்கு வந்தான்.
“அக்கா, பத்து நாற்பதுக்கு என்ன போச்சு?”
நான் கிராணி. பேரேட்டைத் திருப்பினேன்.
பத்து முப்பத்தொன்பது. செம்பனைக் குலை, பதினொரு டன்,
ஓட்டுநர் ஹம்டான்.
“பதினொன்னு அஞ்சு?”
அதே ஹம்டான், காலி வண்டி. பசி போல, விரட்டியிருக்கிறார்.

பன்னிரண்டு வருடம் எழுதியிருக்கிறேன்.
மேனேஜர் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பார்.
இப்போது வெள்ளிதோறும் ஒருவன்
வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறான்.
என் ஏழுகள் ஒன்றுகளைப் போல இருப்பதாகச் சொன்னான்.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடப் பழகிவிட்டேன்.

லோரி, லோரி, புல்வெட்டும் இயந்திரம், லோரி,
ஓய்வு மணி அடித்ததும் எழுபத்தொரு ஜோடி சப்பாத்து.
எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தார்கள்.
மிச்சம் ஏதாவது இருந்தால்
அது பூமியுடையது.

ஒத்திகை நாளன்று பிள்ளைகள் மேசைக்கடியில் சிரித்தார்கள்.
சசிரேகாவின் பின்னல் ஆணியில் மாட்டிக்கொள்ள, இன்னும் சிரிப்பு.
ஆலை வாசலில் ஜாகா தில் பகதூர் மட்டும்
குந்தி, உள்ளங்கையைத் தாரில் வைத்திருந்தார்.
அரைகுறை மலாயில் கேட்டேன். அரைகுறை மலாயில் சொன்னார்:
நேப்பாளத்தில், அவர் மகள் படித்த பள்ளி
அப்படியே உட்கார்ந்துவிட்டது.
அன்றைக்குச் சனிக்கிழமை. உள்ளே யாரும் இல்லை.
அதற்கு மேல் அவரிடம் மலாய் இல்லை,
என்னிடம் கேள்வி இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து ஆலை திறந்த காலை,
பள்ளி விடுமுறை என்றாலும், யுகேந்திரன் நின்றான்.
“ஞாயித்துக்கெழம விடியக்காலம், நாலே முக்கால்?”
தாளைப் பார்த்தேன்.
லோரி என்றால் சடக்கென்று ஏறும், இறங்கும்.
இது மெல்ல வந்திருக்கிறது, தங்கியிருக்கிறது,
போனது போலப் போய்த் திரும்பவும் வந்திருக்கிறது,
சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாத ஆளைப் போல.

பேரேட்டில் அந்தத் தேதியே இல்லை.
“இல்லேன்னு எழுதிக் குடுங்கக்கா. டீச்சர் அனுப்பணுமாம்.”
எழுதினேன்: ஆலை மூடல். லோரி இல்லை.
கையெழுத்துப் போட்டு, கம்பெனி சாப்பும் குத்தினேன்.
என் உத்தியோகத்தில்
இல்லாத ஒன்றுக்கு நான் குத்திய முதல் சாப்பு அது.

கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில்.
இங்கே யாருக்கும் தூக்கம் கலையவில்லை,
ஒரு கோப்பைத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை.
தில் பகதூரிடம் சொன்னபோது
எவ்வளவு பெரியது என்று கேட்கவில்லை.
“எந்தக் கிழமை?” என்றார்.

ஞாயிறு.

தலையை ஆட்டிவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.
ஹம்டானின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது,
மேசையில் என் பேனா மெல்ல உருண்டது.
ஏழு பதினாறு.
குறுக்கே கோடு போட்ட ஏழு.