மூன்றாம் சீசனில் மெக்கானிக் பேசும் தமிழ்

ஞாயிறு ராத்திரி எட்டரை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
போக வேண்டியவர்களும்
போகிற எண்ணமே இல்லாதவர்களும்
கேரம் கிளப்பில் மாட்டிக்கொண்டோம்.
பலகைக்கு மேலே தாழத் தொங்கும் ஒற்றை பல்பு.
ஏழு காய் மிச்சமிருக்க
ஆட்டம் நின்றது, ஸோராவால்.

ஸோரா எங்கள் ஏரியா இல்லை.
'எட்டாம் சுற்று' தொடரில்
கப்பலின் அடித்தட்டில் குழாய் பார்க்கிறவள்.
பூமியை விட்டு முந்நூறு வருஷமாகிறது அந்தக் கப்பல்.
கேப்டன் பேசுவது செய்தி வாசிக்கிற தமிழ்:
"விண்கலத்தின் வேகத்தைக் குறைத்திடுங்கள்."
டாக்டரும் அப்படியே.
வில்லன்கூட
சந்திப்பிழை இல்லாமல்தான் மிரட்டுவான்.
ஸோரா மட்டும்
முதல் எபிசோடில் குழாய்க்கு அடியிலிருந்து தலையை நீட்டி
"இன்னா கேப்டன், காத்து லீக்காவுது,
நீ பாட்டுக்குக் குந்தினுகீற" என்றாள்.

சிரிப்புக்குத்தான் வைத்திருப்பார்கள்.
நாங்களும் சிரித்தோம்.
முந்நூறு வருஷம் போய்
சூரியனையும் தாண்டி
ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு நம்ம பாஷைதான் என்று
தேசப்பன் சொன்ன பிறகு
கொஞ்சம் குறைவாகச் சிரித்தோம்.
ஆனால் அவள் வருகிற காட்சிக்கு விசில் அடித்தது
அவன்தான்.

இரண்டாம் சீசன் கடைசியில் செத்துப்போனாள்.
வால்வை உள்ளேயிருந்துதான் மூட முடியும்.
மூடினாள்.
மூன்றாவதில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.
நினைவை எடுத்து வைத்திருந்தார்களாம்,
புது உடம்பில் ஏற்றினார்களாம்.
அதே முகம். புருவத்தில் அதே வெட்டு.
கண் திறந்து சொன்னாள்:
"நான் எங்கே இருக்கிறேன்?"

தேசப்பன் அந்த நொடியே டிவியை அணைத்தவன்.
"அது அவ இல்ல."

டில்லிபாபு சிவப்புக் காயைத் தூக்கிக் காட்டினான்.
"ரெட்டப் போட்டு ஃபாலோ வரலன்னா இன்னா பண்ற?
எடுத்து நடுவுல வெக்கிற.
அது வேற ரெட்டா?"
"காய்க்கு வாய் கீதா?
வாயத் தொறந்தா தெரிஞ்சிருக்கும்
வேறயா அதேவான்னு."

மோசஸ் சொன்னான்,
டப்பிங் பேசற பொண்ணு சம்பளம் கூடக் கேட்டிருக்கும்,
ஆள மாத்திட்டானுங்க, இதுக்குப் போயி.
உண்மையாக இருந்துவிடலாம் என்பதால்
யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

மாநிலப் போட்டிவரை ஆடிய ரஹ்மத்துன்னிசா
ஏழாம் எபிசோடை நான்கு தடவை பார்த்தவள்.
"தூங்கும்போது அவ வெரலப் பாருங்க.
பைப்பத் தட்டிப் பாக்கற அதே மூணு தட்டு.
ஒடம்புக்குத் தெரியுது.
வாய்க்குத்தான் வேற சொல்லிக் குடுத்துட்டாங்க."
"அப்ப அவ உள்ள கீறான்றியா?"
"உள்ளயா வெளியவான்னு தெரியல.
தட்டுது. அவ்ளோதான்."

ஜெயசீலி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.
அவள் போன் அடித்தது.
எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வணக்கம் சார், ஜெயசீலி பேசுகிறேன்.
இல்லைங்க சார், மழைநீர் தேங்கியிருப்பதால்
இன்றைய இரவுப் பணிக்கு வர இயலாத சூழ்நிலை.
நானா சார்?
பெரம்பூர் பக்கம் சார்."

வெளியே மழை வியாசர்பாடியில்தான் பெய்துகொண்டிருந்தது.
டில்லிபாபு சிவப்பைக் கையிலேயே வைத்திருந்தான்.
பெயர்ப்பலகையில் கிளப்பின் முகவரி
கதவுக்கு மேலே, பெரிய எழுத்தில்.
அதை நான் ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
பலகையில் பவுடரை ஊதினாள்.
"இன்னா?
அல்லாரும் என் மூஞ்சியவே பாத்துனுகீறீங்க.
யார் ஆட்டம்?"

தேசப்பனுடையது.
ஸ்ட்ரைக்கரை வைத்தான்.
எடுத்தான். கோட்டில் திரும்ப வைத்தான்.
"நாலாவது சீசன் வரட்டும்" என்றான்,
யார் முகத்தையும் பார்க்காமல்.