இருநூறு கிராம்

காலை ஆறரைக்குத் தராசு.
சப்பாத்தைக் கழற்றி, சிங்லெட்டைக் கழற்றி,
கழுத்தில் கிடந்த அந்தோனியார் பதக்கத்தையும்
என் கையில் தந்துவிட்டு,
மூச்சை வெளியே விட்டு ஏறி நின்றான் யூஜின்.
ஐம்பத்திரண்டு கிலோவும் இருநூறு கிராமும்.
நடுவர் பேனாவை மூடவில்லை.
"இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு, சேர்."

இருநூறு கிராம் என்றால்
இரண்டு மாலுபாண்.
அன்றைக்கு எனக்கு அது ஒரு கிண்ணம்,
அதிபரின் அறையில் கண்ணாடிக்குப் பின்னால்.

ரெயின்கோட்டைப் போடச் சொன்னேன்.
உள்ளே இரண்டு ஜெர்சி.
ஓடு. துப்பிக்கொண்டே ஓடு.
மார்ச் மாதத்துக் கொழும்பு,
சுவரும் வியர்க்கிற மாதம்.
மூன்றாவது சுற்றில்
கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் மெல்லக் குந்தினான்,
சப்பாத்து நாடா கட்டப்போகிறவன் மாதிரி.
பிறகு சரிந்தான்.

எத்தனை பேருக்கு விழப் பழக்கியவன் நான்!
நாடியை நெஞ்சில் ஒட்டு, முதுகை வளை,
உள்ளங்கையால் மெத்தையை அறை.
இந்த விழுகை
நான் பழக்கியது இல்லை.

பெரியாஸ்பத்திரியில் சேலைன் ஏறியது.
அவன் அம்மா துறைமுகக் கன்டீனிலிருந்து
ஏப்ரனோடு வந்தார். ஏசவில்லை.
"காலமை என்ன சாப்பிட்டவன்?" என்றார்.
இரண்டு நாளாக ஒன்றுமில்லை என்பது
அந்த வார்ட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.
ஒருவன் மயக்கத்தில் கிடந்தான்.

தலைமைப் பயிற்றுநராக எனக்கு அது முதல் வருஷம்.
அடுத்த திங்கள் சொன்னேன்:
யார் எவ்வளவோ, அவ்வளவிலேயே மோதுவது.
ஆறு வருஷம் தோற்றோம்.

கண்டியில் தோற்றோம், காலியில் தோற்றோம்,
எங்கள் மெத்தையிலேயே,
எங்கள் டெட்டோல் மணத்திலேயே தோற்றோம்.
பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில்
ஒருவர் எழுந்து,
"மாஸ்டர் பொடியன்களுக்கு விருந்தா வைக்கிறார்?" என்றார்.
அவர் ஒரு டாக்டர்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும், கொஞ்சம்.

யூஜின் மெத்தைக்குத் திரும்பவில்லை.
வகுப்புக்கு வந்தான். வழியில் கண்டால்
"சேர்" என்பான், நிற்கமாட்டான்.
பதக்கத்தைக் கொடுத்தனுப்ப எனக்கு ஒரு தவணை பிடித்தது.

இடையில் ஓர் இரவு,
பயிற்சி முடிந்து வெள்ளவத்தை வரும் வழியில் சோதனைச்சாவடி.
சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான்,
டோர்ச்சை என் காதில் நிறுத்தினான்.
என் காதுகள் இரண்டும்
அவித்த கணவாய் போல் சுருண்டவை.
யார் அடித்தது, எங்கே வைத்து, எப்போது?
மல்யுத்தம் என்றேன். அவன் நம்பவில்லை.
மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் வந்தான்,
மீசை சரியாக முளைக்காதவன்.
தொப்பியைத் தூக்கித் தன் காதைக் காட்டினான்.
"எழுபத்துநாலு கிலோ," என்றான் சிங்களத்தில். "குருநாகல்."
போகவிட்டார்கள். அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டியிலும்
குருநாகல் அணியின் வாங்கைப் பார்ப்பேன்.
காணவில்லை.

ஏழாம் வருஷம் ஒரு வெண்கலம்.
பிறகு கிண்ணங்களும் வந்தன, நிறைய இல்லை.
ஓய்வுப் படிவத்தில் 'சாதனைகள்' என்று ஒரு பெட்டி,
மூன்று வரி அகலம்.
வருஷங்களை எழுதினேன், இடங்களை எழுதினேன்,
மூன்றாம் வரியில் பேனா வைத்தபடி
தேநீர் ஆறும்வரை இருந்தேன்.
காலியாகவே ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

இப்போது சந்தைக்குப் போவது நான்தான்.
"இருநூறு கிராம் போஞ்சி," என்கிறேன்.
கடைக்காரர் அள்ளிப் போடுகிறார்,
ஒன்றை எடுக்கிறார், பாதியை முறித்து வைக்கிறார்.
முள் ஆடி ஓயும்வரை
மூச்சை வெளியே விட்டு நிற்கிறேன்.