மூன்று நிமிடம்

பதினொரு வருடம் டெலோரஸ் வ்ராபெலின் கூட்டங்களுக்குக்
குறிப்பெழுதினேன்.
நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்.
நாற்பத்தொரு பள்ளிகளைக் கையில் வாங்கினார்,
முப்பத்துநான்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.
மூடிய ஏழின் பெயர்களையும் அவரே வாசித்தார்.
ஐந்தாவது, அவர் கணக்கு டீச்சராய்ச் சேர்ந்த பள்ளி.
குரல் மாறவில்லை.
பின்வரிசையிலிருந்து ஒரு பால் டப்பா பறந்து வந்தது.

நூலகர்களை வீட்டுக்கு அனுப்பிய மாதம்தான்
அவருக்குச் சம்பளமும் உயர்ந்தது.
அதையும் எழுதினேன்.
அந்தப் பக்கத்தில் அவர் கைவைக்கவில்லை.

பனி கொட்டினால் விடிகாலை மூன்றரைக்கே
பழைய செவர்லேயை எடுத்துக்கொண்டு
பேருந்து போகிற மேடெல்லாம் ஏறிப் பார்ப்பார்.
ஐந்து மணிக்கு எனக்கு ஒரே சொல்:
மூடுகிறோம், அல்லது திறக்கிறோம்.
மூடினால் எத்தனை பிள்ளைகளுக்கு
அன்று சூடாக எதுவும் கிடைக்காது என்று
அவர் மேசைக் கண்ணாடிக்கடியில் ஓர் எண் இருந்தது.

ஒரு பிப்ரவரி, திறந்தோம்.
பதினேழாம் எண் பேருந்து கிரானரி மேட்டில் சறுக்கி
விளக்குக் கம்பத்தில் சாய்ந்தது.
ஒரு பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் அம்மா
இமானி பிராட்னாக்ஸ் மைக்குக்கு வந்தார்.
யார் வந்தாலும் மூன்று நிமிடம்.
அந்த அம்மா வாய் திறக்கவில்லை.
கடிகாரத்தில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.
வாரியத் தலைவர் தொண்டையைச் செருமினார்.
ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடினார்.
வ்ராபெல் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
மணி அடித்தது.
அந்த அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

இதை எப்படி எழுத?
'திருமதி பிராட்னாக்ஸ் பேசினார்' என்று எழுதிக் கொடுத்தேன்.
காலையில் திரும்பி வந்தது.
'பேசினார்' அடிக்கப்பட்டிருந்தது. மேலே பச்சை மையில்:
'நின்றார். மூன்று நிமிடம். முழுதும்.'

போன ஜூனில் ஓய்வு.
கேக்கில் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது,
அந்த இடத்தைத்தான் முதலில் வெட்டினார்.

புதியவர் ஊருக்குப் புதுசு. வானிலையைச் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்.

இன்று ஐந்துக்கு என் போன்.
"கிரானரியில் ஏறவில்லை."
"டெலோரஸ், நீங்கள் இப்போது..."
"தெரியும். சும்மா சொன்னேன்."
வைத்துவிட்டார்.

திரையில் புதியவரின் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது:
திறக்கிறோம்.
பதினேழாம் எண் கிளம்ப ஐம்பது நிமிடம்.
அவர் எண்ணை அழுத்தினேன்.
அடித்துக்கொண்டே இருந்தது.
மறு கையால்
கார்ச்சாவியைத் தேடினேன்.